உகரச் சுட்டும் சிலாபக் கரையும்

அ, இ, உ என்னும் மூன்றனையும் சுட்டெனத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே குறித்தார். நன்னூலாரும் அவ்வழியே சென்றார். ஆயினும் இன்று தமிழ்நாட்டில் அது, இது என்னும் இரண்டே வழங்குகின்றன. உகரச் சுட்டு வழக்கொழிந்தது எனப் பாடநூல்கள் எழுதுவது அந்நிலத்தளவிற் பொருந்தும், ஈழத்திற்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்தார் நாவில் உது, உந்த, உவன், உங்கை யாவும் உயிருடன் உள்ளன.

இதன் பொருளைச் சேய்மைக்கும் அண்மைக்கும் இடைப்பட்டது என்பர் உரைகாரர். குறுந்தொகையின் 81ஆம் பாட்டில், கடலும் கானலும் தோன்றும் தம் சிற்றூரைத் தோழி தலைவனுக்குக் காட்டுமிடத்து 'உதுக்காண்' என்கிறாள். அங்கே அது கண்ணுக்கெட்டிய தொலைவு. யாழ்ப்பாண வழக்கிலோ அது பெரிதும் கேட்போனைச் சார்ந்தது. எதிரில் நிற்பவன் கையிலுள்ள கடிதத்தைக் கண்டு 'உது ஆற்றை கடிதம்?' என்று வினவுவர். அளவுகோலால் அளக்கும் தூரமன்று. யார் பக்கத்தது என்பதே வினா.

ஆங்கிலமும் இத்தகைய இழப்பைக் கண்டது. 'திஸ்', 'தட்' என்பவற்றோடு 'யொன்' என்றொரு சேய்மைச் சுட்டும் அதற்கிருந்தது. 'யொண்டர்' அதன் உறவுச் சொல். ஜெர்மனின் 'யேனர்' இதற்கு இனமானது. பொதுவழக்கில் அருகிய 'யொன்', ஸ்கொத்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பேச்சில் எஞ்சியது. மையம் மறந்ததை விளிம்பு காப்பது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

இனிச் சிலாபத்தை நோக்குவோம். தமிழும் சிங்களமும் நெடுங்காலம் ஒருங்கே வழங்கிய கரை இது. இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலை மொழி சிங்களமாகவே, கடற்றொழிற் குடும்பங்கள் பல தமிழைக் கைவிட்டன. சிங்களத்திற் சுட்டு நான்கு: பேசுவோன் பக்கத்தது 'மே', கேட்போன் பக்கத்தது 'ஓய', இருவர்க்கும் அப்பால் காணப்படுவது 'அர', முன்னர்ப் பேசப்பட்டது 'ஏ'. உகரமும் 'ஓய'வும் பொருளால் ஒத்தமை கண்டு ஒன்று மற்றதன் கடன் எனத் துணிதல் கூடாது. ஆனால் தமிழ்நாட்டுத் தமிழ் இழந்த வேறுபாட்டை, தமிழை விட்டகன்ற இக்குடும்பங்கள் நாள்தோறும் ஆள்கின்றன என்பது வியப்பன்றோ!

சிலாபச் சந்தையில் விற்பவன் அருகிலுள்ள மீனை வாங்குபவர் 'ஓய மாளு' என்று கேட்டால், யாழ்ப்பாணத்தான் அதனை 'உந்த மீன்' எனத் தயங்காது பெயர்ப்பான். பாடநூற்றமிழ் மட்டும் கற்றவன் 'இந்த' என்பதா, 'அந்த' என்பதா என்று நிற்பான்.