செய்யுளும் கொண்டுகூட்டும்: சேர்வியசும் நச்சினார்க்கினியரும்

பத்துப்பாட்டினை இன்று படிப்போர் எவரும் நச்சினார்க்கினியரின் துணையின்றிப் படித்தல் அரிது. அவரைக் குறைகூறுவோரும் அவர் தந்த சொற்பொருளைக் கைக்கொண்டே குறைகூறுகின்றனர். கி.பி. 14ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் இம்மதுரை உரையாசிரியர் தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவகசிந்தாமணி ஆகியவற்றுக்கு உரைகண்டவர். குறுந்தொகையிற் பேராசிரியர் உரையெழுதாது விட்ட 20 செய்யுட்களுக்கும் இவரே உரை வகுத்தார் என்பர். இவர் முதலில் இலக்கணகாரர். அதன் பின்னரே இலக்கியச் சுவைஞர். இலக்கணகாரர் ஒருவர் செய்யுளுக்கு உரையெழுதப் புகும்போது அச்செய்யுளுக்கு நேர்வது யாது என்னும் வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரியில் ஏறக்குறைய கி.பி. 400ஆம் ஆண்டளவில் வாழ்ந்த சேர்வியஸ் என்னும் ஆசிரியரை நச்சினார்க்கினியரோடு ஒருங்கு வைத்து நோக்கின் அவ்வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

இலத்தீன் நமக்கு அத்துணை அந்நியமான மொழியன்று. கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்திலே 1960கள் வரை பூசை அம்மொழியிலேயே நிகழ்ந்து வந்தது. தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியில் இறையியல் பயின்று மீண்ட பின்னரே தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றவர். சங்கச் செய்யுளின் இயற்கைப் புனைவைக் கிரேக்க, இலத்தீன் செய்யுட்களோடு அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தமைக்கு அக்கல்வியே துணைநின்றது. புலவர்களை அவ்வாறு ஒப்பிட்ட நாம் உரைகாரரையும் ஒப்பிடுதல் தகும்.

சேர்வியஸ் பள்ளியாசிரியர். வேர்ஜிலின் ஈனீட் காப்பியத்திற்கும், ஆயர் பாடல்களுக்கும், உழவு பற்றிய ஜோர்ஜிக்ஸ் என்னும் நூலுக்கும் உரையெழுதியவர். டொனேட்டஸ் செய்த இலக்கண நூலுக்கும் உரைகண்டவர். வேர்ஜில் கி.மு. 19இல் மறைந்தார். சேர்வியசின் மாணவர் நாவில் வழங்கிய இலத்தீன் அதற்கு நானூறு ஆண்டு பிற்பட்டது. எனினும் கல்வி என்றால் வேர்ஜிலைக் கற்பது என்பதே அக்கால வழக்காக இருந்தது. சேர்வியசின் காலத்தவரான புனித அகுஸ்தீன், தாம் சிறுவனாயிருந்தபோது காப்பியத் தலைவி டிடோவின் சாவுக்காகக் கண்ணீர் விட்டமையைப் பிற்காலத்தில் மனம் நொந்து எழுதினார். அக்கண்ணீருக்கு வழிசெய்த வகுப்பறையே சேர்வியசின் களம்.

ஈனீட் உரையின் முகப்பில், நூலுக்குப் புகுமுன் ஆராய வேண்டியன இவை என அவர் ஏழினைக் கூறுகின்றார்: புலவன் வரலாறு, நூற்பெயர், செய்யுளின் தன்மை, புலவன் கருத்து, நூற்பகுதிகளின் தொகை, அவற்றின் முறை, விளக்கம். நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த இலக்கணத்தை அறிந்தோருக்கு இப்பட்டியல் வியப்பளியாது. ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் நுதலிய பொருளும் அங்கும் உள. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனக் கொள்ள யாதொரு சான்றும் இல்லை. மாணாக்கன் முன் நூலை வைத்துக்கொண்டு இருக்கும் ஆசிரியன் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வகையான வினாக்களையே எதிர்கொள்கின்றான் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

சொல்லாராய்ச்சியிலும் இருவரும் அண்டையயலார் போலவே காணப்படுகின்றனர். சோலையைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒளிர்தலைக் குறிக்கும் சொல்லோடு ஒத்தொலிப்பது. ஒளி புகாமையாலேயே சோலை அப்பெயர் பெற்றது என்னும் கருத்து சேர்வியசின் உரையில் இடம்பெறுகின்றது. பிற்கால ஐரோப்பியர் இதனை நகைப்புக்கு எடுத்துக்காட்டாக வழங்கினர். கரிய ஆட்டை வெள்ளாடு என வழங்குதலுக்கு மங்கலம் எனப் பெயரிட்ட மரபில் வந்த நாம் அத்துணை விரைந்து நகைக்க வேண்டியதில்லை.

இனி முதன்மையான பொருளுக்கு வருவோம். சொற்கள் சிதறிக் கிடக்கும் செய்யுட்பகுதியை எதிர்ப்படும்போது சேர்வியஸ் 'முறை இது' எனத் தொடங்கி, அச்சொற்களை உரைநடை ஒழுங்கில் நிறுத்திக் காட்டுவார். இதனையே நாம் கொண்டுகூட்டு என்கிறோம். அவர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தின் எல்லையைக் கடப்பதில்லை. இலத்தீனில் ஒவ்வொரு பெயரும் தன் வேற்றுமையை ஈற்றிலே தாங்கி நிற்பது. ஆதலின் எச்சொல் எதனோடு முடியும் என்பதைச் சொல்லே பெரிதும் காட்டிக்கொடுக்கும். உரைகாரர் தவறாகக் கூட்டினால் மாணாக்கன் கைந்நூலை நோக்கியே மறுக்கலாம்.

சங்கச் செய்யுளின் நிலை வேறு. அங்கே வேற்றுமை உருபுகள் தொக்கு நிற்றல் மிகுதி. எச்சங்கள் நெடுந்தொலைவு ஓடி ஒரு முடிபை நாடுவன. ஒரு தொடரைப் பக்கத்திலுள்ள தொடரோடு முடிப்பதா, நாற்பது அடி கடந்த தொடரோடு முடிப்பதா என்பதை உரைகாரரின் மதியே தீர்மானிக்க வேண்டியதாகின்றது. அதற்கு இலக்கணத்தின் ஒப்புதலும் நச்சினார்க்கினியருக்கு இருந்தது. பொருள் அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் முடியுமாறு கொணர்ந்து உணர்த்துவதைச் செய்யுளியல் மாட்டு என்னும் உறுப்பாகக் கூறுகின்றது. அச்செய்யுளியலுக்கும் உரைகண்டவர் அவரே. ஆகவே அடிகளை மாற்றிக் கூட்டும்போது தாம் பாட்டைச் சிதைப்பதாக அவர் எண்ணியிருக்க முடியாது. பாட்டின் உறுப்பொன்றை வெளிப்படுத்துவதாகவே எண்ணியிருப்பார்.

இதனைக் கடுமையாக மறுத்தவர் மறைமலையடிகள். 1903இல் வெளியான முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையிலும், 1906இல் வெளியான பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையிலும், புலவன் வைத்த முறையே பொருளின் முறை என்றும், சொற்களைப் பிடுங்கி வேறிடத்தில் நடுதல் செய்யுளின் உயிரைப் போக்கும் என்றும் அவர் வாதித்தார். முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. மாலைப்பொழுதில் விரிச்சி கேட்கச் செல்லும் முதுபெண்டிர், கன்றுக்கு ஆறுதல் கூறும் ஆய்மகள், பாசறையில் உறக்கமின்றி இருக்கும் அரசன், மாடத்தில் வருந்தும் தலைவி, மீண்டு வரும் தேரின் ஒலி என அது ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகளை விரிக்கின்றது. அவ்வொழுங்கைக் கலைத்தல் ஆகாது என்னும் அடிகளின் கூற்று என் மதிப்பீட்டில் சரியானதே.

பட்டினப்பாலை இதனை இன்னும் தெளிவாக்கும். அங்கே முதல் 217 அடிகளில் காவிரியும் புகாரும் வளத்தோடு நம் முன் விரிகின்றன. அதன் பின்னரே, அப்பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சுக்கு மறுப்புரைக்கின்றான். இத்துணைச் செல்வத்தைக் கேட்டுக் களித்த காது திடீரென அது மறுக்கப்படுவதைக் கேட்கின்றது. தலைவன் நெஞ்சுக்கு உரைத்தது என இலக்கண ஒழுங்கில் மறுப்பை முன்னே வைத்து, பட்டினத்தை அதற்கு அடையாக்கிக் கூறினால் பொருள் குறையாது. ஆனால் அம்மறுப்பின் எடை முழுவதும் போய்விடும்.

எனினும் மறைமலையடிகள் ஆங்கிலத் திறனாய்வு நெறிகளை அறிந்து, அச்சிட்ட நூலைக் கையில் வைத்துக் கண்ணால் வாசித்த காலத்தவர். நச்சினார்க்கினியரின் மாணாக்கனோ மூலத்தை மனப்பாடம் செய்த பின்னரே பாடங் கேட்க அமர்ந்தவன். அவன் செவியில் புலவனின் ஒழுங்கு ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. உரை அதன்மேல் வந்தது. இன்று வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர் பலர் மூலத்தைத் திறவாமலே பொழிப்பை மட்டும் குறிப்புப் புத்தகத்திலிருந்து மனனஞ் செய்கின்றனர். நச்சினார்க்கினியரின் கொண்டுகூட்டு உண்மையில் தீங்காவது இங்கேதான். அவர் உரை எவருக்காக எழுதப்பட்டதோ அவ்வகை மாணாக்கன் இன்று இல்லை.

அவரிடம் சுவையுணர்வு இல்லை என்பாரும் உளர். அதனை ஏற்றல் கடினம். கலித்தொகை உரையில் கூற்று எவருடையது, கேட்போர் யாவர், உள்ளுறையாக நின்ற பொருள் யாது என அவர் காட்டும் நுட்பம் நாடகம் பார்த்தாற்போன்றது. சைவராகிய அவர் சமணக் காப்பியமான சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏலாமையால், அவர்தம் நூல்களைக் கற்று மீண்டும் எழுதினார் என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு. 1887இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டே பல ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

உரைகாரருக்கு நாம் பட்ட கடன் வேறொரு வகையிலும் பெரிது. ஈனீட்டின் இரண்டாம் பகுதியில் ஹெலனைக் கண்ட ஈனியாஸ் சினந்தெழும் 22 அடிகள் பழம் பிரதிகளில் இல்லை. சேர்வியசின் உரைமுகப்பே அவற்றைக் காத்துத் தந்தது. அவை வேர்ஜிலின் வாக்குத்தானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எனியஸ் என்னும் மூத்த புலவரின் அடிகள் பலவும் சேர்வியஸ் உரையின் வழியாகவே எஞ்சின. தகடூர் யாத்திரை என்னும் மறைந்த நூலின் செய்யுட்கள் சிலவற்றை நச்சினார்க்கினியர் புறத்திணையியல் உரையில் மேற்கோளாகக் காட்டாதிருப்பின் நாம் இழந்திருப்போம். இலக்கண விதிக்குச் சான்றாக அவர் எடுத்தாண்டார், இலக்கியம் பிழைத்துக்கொண்டது.

உரைகளுக்கு உரியவர் யார் என்ற குழப்பமும் இரு மொழிக்கும் பொது. 1600இல் பியேர் டானியேல் பாரிசில் வெளியிட்ட விரிந்த சேர்வியஸ் உரையில் மிகையாகக் காணப்படுவன சேர்வியசினுடையன அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. மறைந்துபோன டொனேட்டசின் உரை அதில் ஒளிந்துள்ளது என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் நாட்டுச் சி.வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரை என்றே பதிப்பித்தார். அதன் பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் நிறுவினார். சிதிலமான ஏடுகளோடு தனித்து நின்று போராடிய பிள்ளையவர்களை இதுபற்றிப் பழித்தல் முறையன்று. அப்பதிப்பு இல்லையேல் ஆராய்வதற்கே பொருள் இருந்திராது.

அதன் பின் அரை நூற்றாண்டு கழித்து, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் இவ்வுரைகளுக்கே விளக்கக் குறிப்புகள் எழுதினார். எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையோடு 1937இல் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில், நா. பொன்னையாவின் முயற்சியால் வெளிவந்தது. ஐயர் உரைகாரரை வணங்கிக்கொண்டே வழக்காடுபவர். பொருந்தாத இடத்தில் பொருந்தாது என்கிறார். ஏன் அவ்வாறு கொண்டார் என்பதையும் ஆராய்கிறார். சூத்திரம், உரை, குறிப்பு என மூன்று காலத்தவர் அந்நூலில் ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர். சூத்திரம் தன் முறை மாறாது தலைப்பில் நிற்கின்றது.