ஒரு கண் தூரத்துக்கு, மறு கண் கிட்டத்துக்கு: கண்புரை சத்திரசிகிச்சைக்குப் பின்னரான ‘மொனோவிஷன்’

கண்புரை சத்திரசிகிச்சை முடிந்த அம்மாவுக்கு, சில நாட்களிலேயே தெருமுனையில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. ஆனால் கையிலிருந்த மருந்துச் சீட்டு தெரியவில்லை. சத்திரசிகிச்சை பிழையாகிவிட்டதென்றே அவர் நினைத்தார். பிழை எதுவுமில்லை. புரை படர்ந்த இயற்கை வில்லையை அகற்றிவிட்டு வைக்கப்படும் சாதாரண செயற்கை வில்லைக்கு ஒரேயொரு குவியத்தூரம்தான் உண்டு. இரு கண்களையும் தூரத்துக்குச் சரிசெய்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும்.

இந்தக் கண்ணாடித் தேவையைக் குறைக்கும் ஒரு வழிதான் மொனோவிஷன். பெயரைக் கேட்டு ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பது என்று எண்ண வேண்டாம். இரு கண்களும் பார்க்கும். ஒன்று தூரத்துக்கும் மற்றது கிட்டத்துக்கும் அளவிடப்பட்டிருக்கும். வழமையாக, மூளை அதிகம் நம்பும் ‘ஆதிக்கக் கண்’ தூரத்துக்கு விடப்படும். அதை வீட்டிலேயே அறியலாம்: இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்து, அதனூடாகத் தூரத்துத் தென்னையொன்றைப் பாருங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது தென்னை துவாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஆதிக்கக் கண்.

கிட்டத்துக் கண்ணை எவ்வளவு கிட்டத்துக்கு வைப்பது? 1.5 டயொப்டர் வித்தியாசம் வைத்தால் ஏறத்தாழ 67 சென்றிமீற்றரில் தெளிவு கிடைக்கும். கைபேசிக்கும் சமையலுக்கும் அது போதும். 2.5 வைத்தால் 40 சென்றிமீற்றர், அதாவது புத்தகம் பிடிக்கும் தூரம். ஆனால் வித்தியாசம் கூடக்கூட ஆழத்தை உணரும் திறன் குறையும். ஊசியில் நூல் கோக்கும் தையற்காரருக்கு இரண்டுமே போதாமல், கண்ணாடி தேவைப்படலாம். ஆகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இயலுமானால் சத்திரசிகிச்சைக்கு முன் கொன்டக்ட் லென்ஸ் அணிந்து சில நாள் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது.

பழக்கப்படச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அதுவரை படிக்கட்டு, கிணற்றடி, கோப்பையில் தேநீர் ஊற்றுவது எல்லாவற்றிலும் கவனம் தேவை. அடிக்கடி ஒரு கண்ணைப் பொத்தி மற்றதோடு ஒப்பிடுவதை விடுங்கள். அது மூளை பழகுவதைத் தாமதிக்கும். இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள், கிட்டத்துக் கண்ணையும் தூரத்துக்குச் சரிசெய்யும் கண்ணாடியொன்றை வைத்திருக்க வேண்டும். பழகவே முடியாதவர்களுக்கும் அதே கண்ணாடி கைகொடுக்கும். ஒரு கண் மட்டும் முடிந்து, மறு கண்ணுக்குக் காத்திருக்கும் காலத்தில் வரும் தலைச்சுற்றல் வேறு. அது மொனோவிஷன் அல்ல, இரு கண்களின் சமமின்மை.

நம் மக்களுக்கு இன்னொரு கேள்வி முக்கியமானது. செயற்கை வில்லையின் வரலாறே போரோடு தொடர்புடையது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமானக் கூரையின் அக்ரிலிக் துண்டுகளைக் கண் நிராகரிக்காததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். ஷெல் துண்டு அவ்வளவு சாதுவானதல்ல. அதனால் ஒரு கண்ணில் பார்வை குன்றியவர்கள் நம்மிடையே பலர். மொனோவிஷனுக்கு இரண்டு நல்ல கண்கள் தேவை. ஒரு கண் ஏற்கெனவே பழுதென்றால் அது பொதுவாகப் பொருந்தாது. அடிபட்ட கண்ணில் வில்லையைத் தாங்கும் நார்களும் பலவீனமாக இருக்கலாம். ஆகையால் காயம் எத்தனை வருடம் பழையதென்றாலும், கிளினிக்கில் யாரும் கேட்காவிட்டாலும், நீங்களாகவே சொல்லுங்கள். மிஞ்சியிருக்கும் நல்ல கண்ணைப் பாதுகாக்க, உடையாத பொலிகாபனேற் கண்ணாடி அணிவதும் அவசியம்.

திடீர் வலி, சிவத்தல், பார்வை சட்டென்று குறைதல், மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளி, ஓரத்தில் திரை விழுவதுபோன்ற இருள் ஆகியவை பழக்கப்படாமையால் வருபவை அல்ல. அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.