நீர்த்தலை நோயும் குழந்தைகளின் வளர்ச்சியும்

நீர்த்தலை நோய் அல்லது ஹைட்ரோசெபாலஸ் என்பது மூளைத் தண்டுவட நீர் சரிவர வடியாமல் மூளையின் உள்ளறைகளில் தேங்கி, அவற்றை விரிவடையச் செய்யும் நிலை ஆகும். இந்நோயுள்ள குழந்தைகள் சிலரிடம் ஹார்மோன்கள் எனப்படும் இயக்குநீர்களின் சுரப்பு குலைந்து, வளர்ச்சி குன்றுதல், உரிய வயதுக்கு முன்பே பருவமடைதல் முதலிய சிக்கல்கள் தோன்றுகின்றன. தலையின் சுற்றளவைத் தவறாமல் அளப்பவர்களும் உயரத்தைக் குறித்து வைக்காமல் விடுவதுண்டு. அவ்வாறு விடும்போது இச்சிக்கல்கள் காலந்தாழ்ந்தே தெரியவருகின்றன.

பின்னணி

மூளையின் மூன்றாம் அறையின் தரையும் பக்கச் சுவர்களின் கீழ்ப்பகுதியும் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியால் ஆனவை. அதன் கீழே மெல்லிய காம்பு ஒன்றில் பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. நீர் தேங்கி இவ்வறை விரியும்போது இவை அழுத்தப்படுகின்றன. கிரேனியோபாரிஞ்சியோமா போன்ற கட்டிகள் இருந்தால், நீர்த்தேக்கத்தையும் இயக்குநீர்க் குறையையும் கட்டியே நேரடியாக உண்டாக்கக்கூடும்.

மகன் இந்நோயுடன் பிறந்ததால், அமெரிக்கத் தொழில்நுட்பர் ஜான் ஹோல்ட்டர் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்சுடன் சேர்ந்து 1956 இல் சிலிக்கோன் அடைப்பிதழ் ஒன்றை உருவாக்கினார். இத்தகைய அடைப்பிதழ் கொண்ட வடிகுழாய்கள் பரவிய பின்னர் மிகுதியான குழந்தைகள் பருவ வயதை எட்டினர். அவர்களின் வளர்ச்சியைக் கவனிக்கவேண்டிய தேவையும் அதன்பின் பெருகியது.

முன்கூட்டிய பருவமடைதல்

பெண்களில் 8 வயதுக்கு முன்பும் ஆண்களில் 9 வயதுக்கு முன்பும் பருவ மாற்றங்கள் தொடங்கினால் அது முன்கூட்டிய பருவமடைதல் எனப்படும். குழந்தைப் பருவத்தில் ஹைப்போதலாமஸின் பருவத் தூண்டல் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். அழுத்தத்தால் இவ்வடக்கம் தளர்வதே காரணம் எனக் கருதப்படுகிறது. பிறவித் தண்டுவடப் பிளவுடன் சேர்ந்து நீர்த்தலை நோய் உள்ள பெண் குழந்தைகளிடம் இது குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது.

இதில் ஏமாற்றும் தன்மை ஒன்று உண்டு. பாலியல் இயக்குநீர்களால் குழந்தை முதலில் விரைவாக உயர்கிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் அதே இயக்குநீர்கள் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை விரைவில் மூடச்செய்வதால், வகுப்பில் உயரமாக இருந்த குழந்தை வளர்ந்தபின் குள்ளமாகிறது. வளர்ச்சி இயக்குநீரும் குறைவாக இருந்தால் அக்குறையை இந்த இடைக்கால உயர்வு மறைத்துவிடும். எனவே உயரத்துடன் இடக்கை எக்ஸ்-கதிர்ப் படத்தின் மூலம் எலும்பு வயதும் பார்க்கப்படுகிறது. லியூப்ரோலைடு போன்ற ஊசிமருந்துகள் பருவமடைதலை உரிய வயதுவரை நிறுத்திவைக்கின்றன.

வளர்ச்சி இயக்குநீர்க் குறைபாடு

தண்டுவடப் பிளவுள்ள குழந்தைகளின் கால்கள் மெலிந்தும் முதுகெலும்பு வளைந்தும் இருக்கக்கூடும் என்பதால் நின்ற உயரம் மட்டும் உண்மையைக் காட்டாது. விரித்த கைகளின் நீளத்தையும் அளப்பது நலம். குறைபாடு உறுதியானால், 1985 முதல் புழக்கத்தில் உள்ள, மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆக்கப்பட்ட வளர்ச்சி இயக்குநீர் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. இம்மருந்து அரிதாக மண்டையோட்டினுள் அழுத்தத்தைக் கூட்டும். அப்போது தோன்றும் தலைவலியும் வாந்தியும் வடிகுழாய் அடைபட்டதற்கான அறிகுறிகளை அப்படியே ஒத்திருக்கும்.

தைராய்டு, கார்ட்டிசோல்

பிட்யூட்டரி பாதிப்பால் வரும் தைராய்டுக் குறையில், தைராய்டைத் தூண்டும் இயக்குநீரின் அளவு இயல்பாகவே தோன்றலாம். அதை மட்டும் சோதித்து நிறைவடைவது தவறாகும். தைராக்சின் அளவையும் பார்க்கவேண்டும். கார்ட்டிசோல் குறை இவற்றினும் ஆபத்தானது. காய்ச்சல், அறுவை ஆகியவற்றின்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். இரண்டும் குறைவாயின் முதலில் கார்ட்டிசோலும் பின்னரே தைராக்சினும் கொடுக்கப்படுகின்றன. கார்ட்டிசோல் குறையும்போது வரும் வாந்தியும் மயக்க நிலையும்கூட வடிகுழாய் அடைப்புப் போலவே தோன்றும். ஆகையால் வடிகுழாயைச் சோதிக்கும்போதே, அதன் முடிவுக்குக் காத்திராமல், இரத்தத்தில் கார்ட்டிசோல் அளவையும் பார்ப்பது இன்றியமையாதது.