வேட்டைத் துவக்கும் ரவைத் தெரிவும்

மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே வாவியை அடுத்துள்ள செங்கலடியிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை ஆகிய இடங்களைக் கடந்து பதுளையை அடைகின்றது. வாவிக்கரை வயல்களையும் ஊவா மலைநாட்டையும் இணைக்கும் இவ்வழியின் இருமருங்கும் யானையும் கரடியும் மரையும் வாழ்ந்த காடுகளாகும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வேட்டைக்காரர் ஈழத்தின் கீழ்த்திசைக் காடுகளை நாடி வந்ததன் காரணம் இதுவே. அவர்தம் துவக்குகளைப் பற்றிப் பேசுவோர் பலர். துவக்கினுள் இட்ட ரவையையும் மருந்தையும் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், விலங்கு ஒரு கணத்தில் மடிவதா, புண்பட்டுக் காட்டுள் அலைவதா என்பதைத் தீர்மானித்தது அவ்விரண்டின் தெரிவேயாம்.

வாய்வழியாக மருந்திட்டு இடித்து நிரப்பும் துவக்கையே நம் நாட்டார் ‘இடியன்’ என்பர். அக்காலத்து ஆங்கிலேயரின் துவக்கும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பதும், கருமருந்தை அளந்து இடுவதும் வேட்டைக்காரனின் கைவேலையாயிருந்தன. குழலின் அளவைக்கூட ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்னும் எண்ணாலேயே குறித்தனர். பன்னிரண்டு உருண்டை வார்ப்பதற்குரிய குழல் பன்னிரண்டாம் இலக்கக் குழல் எனப்பட்டது. எண் குறையக் குழல் பெருக்கும்.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் இத்துறையில் ஆராய்ச்சி மனப்பான்மை உடையவர். 1840இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பாரைக் கொண்டு அவர் செய்வித்த துவக்கு 21 இறாத்தல் நிறையுடையது. அதன் உருண்டை ரவை 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அஃதாவது ஓர் அவுன்ஸ். இத்துணைப் பெருங்கருவி வேண்டப்பட்டது ஏன்? யானையின் நெற்றியெலும்பு தேனடைபோல் காற்றறைகள் நிறைந்த தடித்த அமைப்பு. மூளையோ பின்னே தாழ்ந்திருப்பது. மென்மையான ஈயம் எலும்பிற் பட்டதும் தட்டையாகி வலியிழக்கும். அதனை ஈடுசெய்ய ஈயத்தோடு தகரம் முதலியன கலந்து கடினமாக்கினர். அன்றேல், நிறையையும் மருந்தையும் பெருக்கினர். மருந்து பெருகப் பெருகத் தோளில் விழும் உதைப்பும் பெருகிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறிற்று. 1884இல் பிரான்சு நாட்டு வியெய் புகையற்ற மருந்தைக் கண்டார். சுவிட்சர்லாந்தின் ரூபின் 1882 அளவில் ஈயக் கருவிற்குச் செம்புறையிட்ட ரவையை ஆக்கினார். இவ்விரண்டும் கூடியபின் சிறிய ரவை பெருவேகத்துடன், உருக்குலையாது ஆழச் சென்றது. 1912இல் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தார் வெளியிட்ட .375 அங்குலத் தோட்டா நடுத்தரத் துளைத் துவக்கிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் ரவைகளுள் நிறைமிக்கது 300 கிரெயின், ஏறத்தாழ 19 கிராம். பேக்கரின் உருண்டையோ 85 கிராம். நாலிலொரு பங்கும் எட்டாத ரவை பழைய பெருங்குழலின் வேலையைச் செய்யலாயிற்று.

ஆயினும் தெரிவு எளிதாகிவிடவில்லை. முனையில் ஈயம் தெரியும் மென்முனை ரவை உடலுட் புகுந்ததும் விரியும். மானுக்கும் மரைக்கும் அது பொருந்தும். யானைக்கும் காட்டெருமைக்கும் முழுவதும் உறையிட்ட திண்ரவையே வேண்டும். மென்முனையால் யானையைச் சுடுவோன் அதனைக் கொல்வதில்லை, புண்படுத்துகின்றான். திண்ரவையால் மானைச் சுடுவோனும் அவ்வாறே. சிறு துளையோடு ஊடுருவிச் செல்ல, விலங்கு நெடுந்தூரம் ஓடி மடியும். வெற்றுக்கோதில் தாமே மருந்து நிரப்புவோர்க்கு வேறொரு கவலையும் உண்டு. கோடைட் என்னும் புகையற்ற மருந்து வெப்பத்தில் மிகுந்த அழுத்தம் தருவது. இங்கிலாந்தின் குளிரில் அளவாயிருந்த மருந்து வெப்ப நாட்டில் அளவு மீறக்கூடும். எனவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்து நிரப்பினர். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பார் பெரும்பாலும் பயன்படுத்தியது 7 மில்லிமீற்றர் துவக்கே. அவர் யானையின் மண்டையோட்டை நெடுக அறுத்து மூளையின் இடத்தை ஆராய்ந்தவர். குழலின் அகலத்தினும் திண்ரவையும் குறியறிவுமே பெரியன என்பதற்கு அவர் சான்று.

இவ்வறிவு ஈழத்துக்கு வருமுன் அழிவு பெருகிவிட்டது. பதுளையில் அதிகாரியாயிருந்து 1845இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகள் வரை கொன்றதாகக் கூறுவர். ஈழத்து யானைகளுள் தந்தமுடையவை மிகச் சிலவாதலின், இது பொருள்வேட்டையன்று, விளையாட்டே. அரசும் பயிரழிவைக் காட்டிப் பரிசளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகட்குள் வடமாகாணத்தில் 3,500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளும் கொல்லப்பட்டமையை எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். பின்னர் 1891இல் வீண் அழிவைத் தடுக்கும் சட்டமும், 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தோன்றின. இன்று யானையைக் கொல்வது குற்றமாகும்.

எனினும் இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. யானை வயலில் இறங்கும் இரவில், உழவன் கையிலிருப்பது பேக்கரின் பெருங்குழலும் அன்று, நடுத்தரத் துவக்கும் அன்று. பெரும்பாலும் நாட்டு இடியனே. அதன் சிறு சன்னங்கள் யானையைக் கொல்லும் வலியற்றன. தோலுள் தங்கிச் சீழ்கட்டி, அதனை வெறிகொள்ளச் செய்வன. அந்த யானை மறுநாள் வேறொரு வயலில், குற்றமறியாத வேறொருவனை மிதித்துக் கொல்லவுங்கூடும். உழவனின் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் அழிதலை எளிதாக எண்ணலாகாது. ஆயின், அரைகுறையான ரவை அவ்விழப்பைத் தடுப்பதில்லை; அதனை அயலவன் தலையில் ஏற்றுகின்றது. முற்காலத்து வேட்டைக்காரர் நூறாண்டு செலவிட்டுக் கற்றது, புண்படுத்தும் ரவை பயனற்றது என்பதாகும். நாம் அதனினும் ஒருபடி மேற்சென்று, மின்வேலியும் கூட்டுக் காவலும் யானை வழியை விட்டொதுங்கிய பயிர்நிலமும் துவக்கினும் நற்காவல் என உணர்தல் வேண்டும். கொல்லாமையை அறமெனக் கொண்ட நம் சமயமும் இவ்வழியையே காட்டுகின்றது.