கடல் இருந்த வழியும் ரயில் ஓடிய வழியும்

சிங்கப்பூரில் வார இறுதிக் காலைகளில் மிதிவண்டி செலுத்துவோர் பெரிதும் நாடுகின்ற வழிகள் இரண்டு. ஒன்று கிழக்குக் கடற்கரைப் பூங்கா. மற்றொன்று பழைய ரயில் தடம். முன்னது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுடையது; பின்னது 24 கிலோமீட்டர். வசதியை மட்டும் கருதினால் கடற்கரையே சிறந்தது. செப்பமான பாதை, கடற்காற்று, உணவங்காடி யாவும் அங்குண்டு. ரயில் தடத்திலோ மழை பெய்தால் சில இடங்களில் சேறு படியும். ஆயினும் வரலாறு கற்கும் மாணவர்க்கு எது ஏற்றது என்பது வேறு வினா.

கடற்கரைப் பாதை அமைந்த நிலம் 1966க்கு முன் நிலமே அன்று. அவ்வாண்டு தொடங்கிய கடல் தூர்ப்புத் திட்டத்தில் சிக்லாப், பிடோக் குன்றுகள் வெட்டப்பட்டு, அம்மண் கடலில் கொட்டப்பட்டது. 1980களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 1,500 ஹெக்டர் நிலம் உருவாயிற்று. குன்றும் மறைந்தது, பழைய கரையும் மறைந்தது. பாதை மேடுபள்ளமின்றிக் கிடப்பதன் காரணமும் இதுவே. அதில் செல்பவர் கண்ணுக்கு இவ்வரலாற்றின் சுவடு எதுவும் எளிதில் தென்படுவதில்லை.

ரயில் தடம் அவ்வாறன்று. 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து வடக்கே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது, புக்கித் தீமாவுக்குத் தெற்கே பாதை வேறு வழியாகத் திருப்பப்பட்டது. எனவே இன்று ஒரே மூச்சில் கடக்கின்ற இத்தடத்தின் வடபகுதி மூத்தது, தென்பகுதி இளையது. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆதலால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரவியும் அமைத்த அந்த மெல்லிய சரிவை மிதிப்பவரின் கால்களே உணரும். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் பதித்தும் செப்பனிட்டும் உழைத்தோருள் தமிழ்த் தொழிலாளர் பலர். நிலைய அலுவலர்களுள் யாழ்ப்பாணத்தார் பலர். 2011 ஜூன் 30ஆம் நாள் இறுதி ரயில் சென்றபின் தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டன. புக்கித் தீமா நிலையமும் இரண்டு இரும்புப் பாலங்களும் எஞ்சின.

இவ்விரண்டில் ரயில் தடமே நல்ல பாடநூல் என்பதில் ஐயமில்லை. அதற்காகக் கடற்கரையை ஒதுக்க வேண்டியதில்லை. தொடங்கும் இடத்தை மாற்றினால் போதும். நெடுஞ்சாலைக்கு உட்புறம் காத்தோங் பூங்கா உள்ளது. கடல்வழி வரும் பகைவரைத் தடுக்க 1879இல் கட்டப்பட்ட கோட்டை அங்கே புதைந்திருந்தது. 2004இல் தொடங்கிய அகழாய்வில் அது வெளிப்பட்டது. அலைகள் அதன் அடித்தளத்தை அரித்தமையால் மக்கள் அதனை எள்ளி நகைத்ததும் உண்டு. மாணவர்கள் முதலில் அங்கே இறங்கட்டும்; பின்னர்க் கடலை நோக்கி வண்டியை உருட்டிச் செல்லட்டும். அவர்கள் கடக்கும் தொலைவு முழுவதும் ஒரு காலத்தில் நீர்.