கருமணலும் வெண்படலமும்

கோவளம் கடற்கரையில் மாலைவேளை உலாவச் செல்லும் நம்மவர், காலில் ஒட்டிய கருமணலை உதறிவிட்டு வீடு திரும்புவர். அம்மணலின் வரலாற்றில் தமிழ் வழங்கும் ஊர் ஒன்றுக்கும் பங்குண்டு. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அவர் தேடிவந்து ஆலை நிறுவிய இடம் மணவாளக்குறிச்சி. 1956 நவம்பரில் குமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்த ஊர்.

மோனசைட்டை நாடியவர்கள் முதலில் கழிவென ஒதுக்கிய கரிய பகுதியே இல்மனைட்டு. இரும்பு, டைட்டேனியம், பிராணவாயு மூன்றும் கூடிய கனிமம் அது. வெள்ளைச் சாயத்துக்கு அதுவே மூலம் என்று தெரிந்தபின், 1920-களிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. மணலை விற்று, அதிலிருந்து பிறக்கும் பொடியை விலைகொடுத்து வாங்கும் நிலை நெடுநாள் நீடித்தது. 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டேனியம் ஆலை நிறுவப்பட்டது இக்குறையை நீக்கவே.

அங்கே இல்மனைட்டைக் கந்தகத் திராவகத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, எஞ்சியதைச் சூளையில் சுடுகின்றனர். கிடைக்கும் டைட்டேனியம் டையாக்சைடு ‘அனட்டேஸ்’ என்னும் படிக வடிவம் கொண்டது. இது நிலையான வடிவமன்று. வெப்பம் மிகுந்தால் ‘ரூட்டைல்’ என்னும் உறுதியான வடிவுக்கு மாறிவிடும், மாறியது மீளாது. நம் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டிமார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதம் தவறுமுன் இறக்குவதே வித்தை.

இந்த நிலையற்ற வடிவின் அருமை சாயத்தோடு முடியவில்லை. அனட்டேஸ் ஒரு குறைகடத்தி. 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஓரீகன், கிரெட்ஸல் என்னும் இருவர், அதன் நுண்துகள்களால் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிப்பில் படலம் அமைத்து, சாயமேற்றி, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெற்றனர். தலைமயிரினும் மெல்லிய படலம்!

வெறும் அனட்டேஸ் புற ஊதாக் கதிரையே ஏற்கும். அதனாலன்றோ அது வெண்மையாயிருக்கிறது? 2001-இல் ஜப்பானில் அசாகி குழுவினர், பிராணவாயுவில் ஒரு பகுதிக்கு மாற்றாக நைட்ரஜன் புகுந்த கலப்புப் படலத்தை வளர்த்தனர். அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் வேலை செய்தது. ஆயினும் அந்த நைட்ரஜன் குடிக்கூலி விருந்தாளிதான். காற்றில் மிகச் சூடேற்றினால் வெளியேறிவிடும்.

படலம் பதத்தில் நிற்கிறதா என்று கண்ணால் அறிய இயலாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் கோணத்தை அளக்கின்றனர். வழக்கமான செம்புக் கதிராயின், அனட்டேஸ் 25.3 பாகையில் தன் முதல் முகட்டைக் காட்டும், ரூட்டைல் 27.4 பாகையில். இரண்டு பாகை இடைவெளியில் ஆய்வாளரின் பல நாள் உழைப்பின் முடிவு தெரிந்துவிடும்.

திருவனந்தபுரத்துப் பாப்பனங்கோட்டில், 1975-இல் தொடங்கி 2007 முதல் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பெயர்பெற்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. கரமனை வழியாகச் செல்லும் நம்மவர் பலர் அதன் வாயிலைக் கடந்திருப்பர். அறைக்குள் எரியும் விளக்கின் ஒளியைக் கொண்டே மின்சாரம் தரும் சாயக் கலங்களை அங்கே உருவாக்கி வருகின்றனர். அக்கலங்களின் உள்ளே படிந்திருப்பது டைட்டேனியம் டையாக்சைடுப் படலமே.