ஏட்டில் ஏறாத குற்றங்கள்

தாழ்வுபாட்டுக் கரையில் ஒருவரது வலை களவுபோனால், செய்தி ஊர்ப்பெரியவர்வரை செல்லும். பங்குத்தந்தையின் செவிக்கும் எட்டும். பொலிஸ் பதிவேட்டில் அது ஏறுவது அரிது. அப்பதிவேட்டை மட்டுமே கொண்டு எமதூர் வரலாற்றை எழுதுபவர், அங்கு களவே நிகழவில்லையென முடிவு கட்டுவார். குற்றத்தின் வரலாற்றை ஆராய்வோர் யாவரும் எதிர்நோக்கும் இடர் இதுவேயாகும்.

பெல்ஜிய அறிஞர் கெற்றலே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதனை உணர்ந்திருந்தார். அறியப்பட்ட குற்றங்களுக்கும் நிகழ்ந்த குற்றங்களுக்குமிடையே ஏறத்தாழ மாறாத விகிதம் உண்டென்பது அவரது எடுகோள். அதனைச் சோதிக்கும் வழி, பாதிக்கப்பட்டோரையே வினவுதலாகும். 1966இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 குடும்பங்களிடம் அவ்வாறு வினவியபோது, பொலிஸ் கணக்கைப் பெரிதும் விஞ்சிய குற்றங்கள் வெளிப்பட்டன. 1972இல் அங்கு நிலையான அளவீடு தொடங்கிற்று. பிரித்தானியா 1982இல் பின்தொடர்ந்தது. இவற்றுக்கு முன்னரே மாணவருலகு ஆராயப்பட்டது. 1957இல் கேர்க்பற்றிக், கனின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 291 மாணவியருள் 162 பேர் ஒரே கல்வியாண்டில் பாலியல் அத்துமீறலுக்கு உள்ளானதாகக் கூறியிருந்தனர்.

எனினும், வினாக்கொத்தும் பிழையற்றதன்று. முன்னர் நிகழ்ந்ததை அண்மையில் நிகழ்ந்ததாக நினைவு மயங்கும். இதனாலேயே அமெரிக்க அளவீடு கடந்த ஆறு மாதங்களை மட்டும் வினவுகின்றது. வினாவின் சொல்லும் விடையை மாற்றும். "பகிடிவதைக்கு உள்ளானீரா?" என்றால் "இல்லை" என்பவர், "முழந்தாளிட வைத்தனரா?" என்றால் "ஆம்" என்பார். இணையவழி வினாக்கொத்து பெயரை மறைத்துத் துணிவளிக்கும். ஆனால், விரும்பியோர் மட்டுமே விடையளிப்பின் அத்தொகை மாணவர் அனைவருக்கும் பொருந்தாது.

எமது நாட்டில், 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதன்பின்னரே பிறந்தது. சட்டம் பிறந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெவ் நிறுவனத்துடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு, மாணவருள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் சொல்வழி வதைக்கும், நால்வரில் ஒருவரளவில் உடல்வழி வதைக்கும் உள்ளானதைக் காட்டிற்று. முறைப்பாட்டுக் கோவைகளை மட்டும் நோக்கின் இவ்வுண்மை புலப்படாது.

முதலாம் ஆண்டில் நானும் முறையிடாதவனே. வலையிழந்த எமதூரவர்போல, முறையிட்டு ஆவதென்ன என எண்ணினேன். என்னிடம் எவரும் வினவவுமில்லை. வினவப்படாத துன்பம் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆண்டுதோறும் முறையாக வினவி, கண்டதை மறையாது வெளியிடுதல் பல்கலைக்கழகங்களின் கடனாகும். உண்மையாக விடையளித்தல் எம் கடனாகும்.